எகிமோவின் மூன்று பொற்பதக்கங்கள்



வரலாறு என்றவுடன் உங்களுள் பலருக்கு அரசர்களும் போர்களும் உடன்படிக்கைகளுமே நினைவுக்கு வரும். அது தவறன்று. ஆயினும், ஒரு வல்லரசு சிதைந்ததையும் ஒரு வழக்கம் மாறியதையும் ஒரு சைக்கிள் வீரரின் வாழ்க்கை வழியாகவும் அறியலாம். ருஷ்ய நாட்டு வியாசெஸ்லாவ் எகிமோவின் வாழ்க்கை அத்தகையது. ஒலிம்பிக் பந்தயங்களில் அவருக்குரிய பொற்பதக்கங்கள் மூன்று. முதற் பதக்கத்தை எந்த நாட்டுக்காக வென்றாரோ அந்த நாடு இன்று இல்லை. மூன்றாம் பதக்கமோ, பந்தயம் முடிந்து எட்டு ஆண்டுகள் கழிந்த பின்னரே அவருடையதாயிற்று. இவை எவ்வாறு நிகழ்ந்தன என்பதைப் பார்ப்போம்.

எகிமோவ் 1966ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள், பின்லாந்து எல்லைக்கு அருகிலுள்ள வீபோர்க் நகரில் பிறந்தார். லெனின்கிராடில் அலெக்ஸாண்டர் குஸ்னெட்சோவ் என்ற புகழ்பெற்ற பயிற்சியாளரிடம் பயின்றார். அந்நாளில் சோவியத் நாட்டு விளையாட்டு வீரர் எவரும் சட்டப்படி தொழில்முறை வீரர் அல்லர். எனினும் அவர்களுக்குப் பயிற்சியும் பராமரிப்பும் அரசாங்கத்தின் பொறுப்பாக இருந்தன.

1988இல் தென் கொரியத் தலைநகர் சியோலில் ஒலிம்பிக் பந்தயங்கள் நடைபெற்றன. அங்கு எகிமோவ் கலந்துகொண்டது 4,000 மீட்டர் குழுத் துரத்தல் பந்தயத்தில். வட்டமான ஓடுபாதையின் எதிரெதிர்ப் புறங்களிலிருந்து இரு குழுக்கள் புறப்படும். ஒவ்வொரு குழுவிலும் நால்வர் ஒருவர் பின் ஒருவராக, சக்கரத்தோடு சக்கரம் உரசுமோ என அஞ்சும்படி நெருங்கிச் செல்வர். முன் செல்பவர் காற்றைப் பிளந்து வழி செய்வார். பின் வருபவர்களுக்கு அந்த அளவுக்கு உழைப்புக் குறையும். முதல்வர் களைக்குமுன் விலகி வரிசையின் கடைசியில் சேர்ந்துகொள்வார். அடுத்தவர் முன்னிடத்தை ஏற்பார். இறுதிப் போட்டியில் சோவியத் குழு கிழக்கு ஜெர்மனியை வென்றது. வென்ற நால்வருள் எகிமோவும் நெல்யூபினும் ருஷ்யர். உமாரஸும் காஸ்புடிஸும் லிதுவேனியர்.

இனி ஆண்டுகளைக் கவனியுங்கள். 1990 மார்ச்சில் லிதுவேனியா தன் சுதந்திரத்தை அறிவித்தது. அதே ஆண்டு அக்டோபரில் கிழக்கு ஜெர்மனி மேற்கு ஜெர்மனியுடன் இணைந்தது. 1991 டிசம்பரில் சோவியத் யூனியன் கலைந்தது. அந்த இறுதிப் பந்தயத்தில் எதிரெதிரே நின்ற இரு நாடுகளும் நான்கு ஆண்டுகளுக்குள் உலகப் படத்திலிருந்து மறைந்துவிட்டன. ஒரே வரிசையில் காற்றைப் பிளந்து சென்ற நால்வரோ இரு வேறு நாட்டுக் குடிகளாயினர்.

சோவியத் வீரர்கள் மேலை நாடுகளின் தொழில்முறைப் பந்தயங்களில் சேரும் வழி 1989இல் திறந்தது. மறு ஆண்டு எகிமோவ் ஹாலந்து நாட்டுப் பானசோனிக் குழுவில் சேர்ந்தார். அக்காலத்தில் தொழில்முறை சைக்கிள் வீரருக்கு ஒலிம்பிக்கில் இடமில்லை. 1996இல்தான் அத்தடை நீங்கியது. ஆகவே 1992 பார்ஸிலோனா ஒலிம்பிக் அவருக்கு இல்லாமற் போயிற்று.

அவருடைய களம் இப்போது 'டூர் டி பிரான்ஸ்' என்னும் பெரும் பந்தயம். மூன்று வாரங்கள், மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவு, இடையே ஆல்ப்ஸ், பிரனீஸ் மலைகள். எகிமோவ் அப்பந்தயத்தில் பதினைந்து முறை புறப்பட்டார். பதினைந்து முறையும் ஓட்டி முடித்தார். விழுந்தும் நோயுற்றும் பலர் ஆண்டுதோறும் பாதியில் நின்றுவிடும் பந்தயம் அது என்பதை எண்ணினால் இதன் அருமை விளங்கும். 1991இல் மாக்கோன் நகரில் முடிந்த ஒரு நாட் கட்டத்தை அவர் வென்றார். ஆனால் அவருடைய நாட்களிற் பெரும்பாலானவை பிறருக்காக உழைத்த நாட்கள். குழுத் தலைவருக்கு முன்னே சென்று காற்றைத் தாங்குவது, அவரைத் தொல்லையின்றி மலையடிவாரம் சேர்ப்பது, பின் தான் ஒதுங்கிக்கொள்வது ஆகியவையே துணை வீரரின் கடமை. சோவியத் கொடியின்கீழ் வென்றவர், பின்னாளில் அமெரிக்கத் தபால் இலாகாவின் பெயரைத் தாங்கிய குழுவில் சேர்ந்து, 2000 முதல் 2004 வரை ஐந்து டூர் பந்தயங்களில் லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங் என்ற தலைவருக்காக உழைத்தார்.

2000ஆம் ஆண்டு சிட்னியில் காலக்கணக்குப் பந்தயம் நடந்தது. அதில் ஒவ்வொருவரும் தனித்தே செல்ல வேண்டும். காற்றைத் தாங்க முன்னே எவரும் இலர். எகிமோவுக்கு அப்போது வயது 34. ஜெர்மானியரான உல்ரிக்கை ஏறத்தாழ 8 விநாடிகளில் முந்தி அவர் முதல்வரானார். அவருடைய குழுத் தலைவர் ஆர்ம்ஸ்ட்ராங் மூன்றாவதாக வந்தார். இம்முறை எகிமோவுக்காக ஏற்றப்பட்டது ருஷ்யக் கொடி.

நான்கு ஆண்டுகளுக்குப் பின் ஏதென்ஸ் நகரில், 38 வயதில், அவர் இரண்டாமவராக வந்தார். முதலிடம் பெற்றவர் டைலர் ஹாமில்டன் என்ற அமெரிக்கர். அவரும் முன்னர் அதே தபால் இலாகாக் குழுவில் இருந்தவர். ஹாமில்டனின் முதல் இரத்த மாதிரி ஐயத்துக்கு இடமளித்தது. ஆனால் இரண்டாம் மாதிரி உறைய வைக்கப்பட்டுப் பயனற்றுப் போனதால் குற்றத்தை உறுதி செய்ய முடியவில்லை. ருஷ்யர் செய்த மேல்முறையீட்டை விளையாட்டுக்கான நடுவர் மன்றம் 2006இல் தள்ளிவிட்டது. அதே ஆண்டு எகிமோவ் பந்தய வாழ்வினின்று ஓய்வு பெற்றார். 2011இல் ஹாமில்டன் தாமே உண்மையை ஒப்புக்கொண்டார். 2012இல் பொற்பதக்கம் எகிமோவுக்கு உரியதாயிற்று.

ஆனால் அதே 2012ஆம் ஆண்டில், ஊக்கமருந்துக் குற்றத்துக்காக ஆர்ம்ஸ்ட்ராங்கின் ஏழு டூர் வெற்றிகளும் பறிக்கப்பட்டன. எகிமோவ் ஐந்து கோடைக்காலங்களில் எந்தத் தலைவருக்காகக் காற்றைத் தாங்கினாரோ, அத்தலைவரின் பெயர் வெற்றியாளர் பட்டியலில் இன்று இல்லை. அந்த இடம் வெறுமையாகவே விடப்பட்டுள்ளது. ஓராண்டு அவருக்கு ஒன்றைக் கொடுத்தது; அவர் உழைப்பின் பெரும்பகுதியினது பொருளை எடுத்துக்கொண்டது. பதக்கம் வந்தது உண்மை. ஆனால் ஏதென்ஸ் மேடையின் உச்சிப் படியில் நின்று தம் நாட்டுக் கீதத்தைக் கேட்கும் அந்த ஒரு கணத்தை எந்த மன்றத்தாலும் திருப்பித் தர இயலவில்லை. ஏமாற்றுதலால் நேரும் இழப்பு, நேர்மையாக இரண்டாமிடம் பெற்றவரையும் அவர் அறியாமலே சேர்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

தலைமையாசிரியனாகப் பணியாற்றிய காலத்தில் என் உடனாசிரியர்களுக்கு ஒரு விதியை வற்புறுத்துவேன். மதிப்பெண் பதிவேட்டில் ஓர் எண் பிழைபட்டிருந்தால் அதனைச் சுரண்டி அழிக்கலாகாது. பழைய எண் தெரியும்படி அதன்மேல் ஒரு கோடிட்டு, சரியான எண்ணை அருகில் எழுதி, கையொப்பமிட வேண்டும். வரலாற்றைக் கற்கும் நீங்களும் எந்தப் பட்டியலையும் அவ்வாறே படியுங்கள். யார் வென்றார் என்பதோடு நில்லாமல், எந்தப் பெயர்மீது கோடு விழுந்தது, எப்போது, எதனால் என்றும் கேளுங்கள். எகிமோவின் மூன்று பதக்கங்களும் அக்கேள்விகளுக்கு விடை வைத்திருக்கின்றன.