அகாவா நதிக்கரையும் பெரியாற்றங்கரையும்

 கொச்சி மட்டாஞ்சேரிப் பரதேசி ஜெபாலயத்தின் மணிக்கூண்டும் நீலப் பூ ஓடுகளும் வாசகர்கள் நன்கறிந்தவை, அவற்றை விட்டுவிடுகிறேன். இஸ்ரவேலில் குடியேறும் 'அலியா'வுக்குக் கொச்சி யூதர்கள் எவ்வாறு ஆயத்தமானார்கள் என்பதே என் பொருள்.

புறப்பாடு என்றதும் அனைவரும் யாத்திராகமத்தையே புரட்டுவர். புளிக்காத மாவைத் துணியில் கட்டித் தோளில் சுமந்து அவசரமாக வெளியேறியவர்களின் வரலாறு அது; ஆயத்தத்துக்கு அங்கே பொழுதில்லை. என் உள்ளம் நாடுவது எஸ்றாவின் ஆகமம், எட்டாம் அதிகாரம். பாபிலோனிலிருந்து எருசலேமுக்குப் போகிறவர்களை எஸ்றா முதலில் குடும்பம் குடும்பமாகப் பெயர் எழுதிக்கொள்கிறார். அகாவா நதியண்டையில் மூன்று நாள் பாளயமிறங்கி ஜனங்களைப் பார்வையிடுகையில், லேவியர் ஒருவரும் இல்லாதது தெரிகிறது, ஆளனுப்பி வரவழைக்கிறார். பிறகு உபவாசம். தேவனுடைய கரம் காக்கும் என்று ராஜாவிடம் சொல்லிவிட்டு, வழித்துணைக்குப் போர்ச்சேவகரைக் கேட்க அவருக்கு வெட்கமாயிருக்கிறது. இவ்வளவு விசுவாசம் உடையவர் கணக்கில் மட்டும் தளரவில்லை. 650 தாலந்து வெள்ளியையும் 100 தாலந்து பொன்னையும் பன்னிரண்டு ஆசாரியர் கையில் நிறுத்துக் கொடுக்கிறார். எருசலேம் சேர்ந்த நான்காம் நாளில் தேவாலயத்தில் மறுபடி நிறுக்கப்பட்டு, எடை முழுவதும் எழுதிவைக்கப்படுகிறது. பக்தியும் துலாக்கோலும் ஒரே கையில் இருந்ததை வேதத்தில் இவ்வளவு துலக்கமாக வேறெங்கும் நான் கண்டதில்லை.

கொச்சியார் விட்டுச்சென்றது எத்தகைய மண்? கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் (கி.பி. 849) சாட்சிகளாக ஒப்பமிட்டோருள் எபிரேய எழுத்தில் ஒப்பமிட்டவர்களும் உண்டு. கி.பி. 1000 அளவில் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்கு அஞ்சுவண்ணம் என்னும் வணிகக் குழு உரிமையும் 72 உரிமைகளும் அளித்த செப்பேடு வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டது. தமிழ் எழுதிய அதே வட்டெழுத்து ஓர் இஸ்ரவேலனின் மாண்பைக் காத்து நிற்பது நாம் நெஞ்சு நிமிர்த்தத் தக்க செய்தி. சேந்தமங்கலத்தில் இஸ்ரவேலின் மகள் சாராளின் கல்லறைக் கல் 1269ஆம் ஆண்டைச் சேர்ந்தது. துரத்தப்பட்டுப் போனவர்கள் அல்லர் இவர்கள். நேசிக்கப்பட்ட மண்ணை வாக்குத்தத்தத்துக்காகத் துறந்தவர்கள்.

1950இல் இஸ்ரவேல் 'திரும்புதல் சட்டம்' இயற்றியபோதும் வழி உடனே திறக்கவில்லை. யானைக்கால் நோய் பரவிவிடுமோ என்று அந்நாட்டுச் சுகாதார அதிகாரிகள் அஞ்சியதால், சொத்தை விற்றுவிட்டவர்களும் காத்திருக்க நேர்ந்தது. கொச்சி யூதரான வழக்கறிஞர் ஏ.பி. சேலம் 1953இல் இஸ்ரவேல் சென்று நிலைமையை நேரில் கண்டு திரும்பினார். பிறரின் பயணத்துக்கு உழைத்த அவர் 1967இல் கொச்சியிலேயே கண் மூடினார். பெருந்தொகையினர் 1953 முதல் 1955 வரையிலான ஆண்டுகளில் புறப்பட்டனர். தோராச் சுருள்களை உடன் கொண்டு சென்றனர்.

மாளா என்னும் ஊரின் யூத சபையார் செய்ததை மட்டும் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். 1955இல் புறப்படுமுன் தங்கள் ஜெபாலயத்தையும் கல்லறை நிலத்தையும் ஊர்ப் பஞ்சாயத்திடம் எழுத்து மூலமாக ஒப்படைத்தனர். கல்லறைகள் காக்கப்பட வேண்டும்; ஜெபாலயம் இறைச்சிக்கூடமாகவோ வேறு வழிபாட்டிடமாகவோ ஆகலாகாது என நிபந்தனையும் வைத்தனர். தன் எலும்புகளைக் கொண்டுபோகும்படி இஸ்ரவேல் புத்திரரிடம் ஆணை வாங்கிய யோசேப்பை நினைக்கிறேன். மாளாவின் முன்னோரைத் தூக்கிச் செல்ல இயலாது; ஆகவே அண்டை வீட்டாரின் வாக்கில் அவர்களை வைத்துச் சென்றார்கள். எஸ்றா நிறுத்துக் கொடுத்ததற்கு இது குறைந்ததன்று.

இஸ்ரவேலில் நெவாதிம், மெசிலாத் சீயோன், தாவோஸ், அவியேசேர், யுவால் ஆகிய குடியேற்றங்களில், வணிகமே அறிந்த பலர் ஏர்த்தொழில் கற்றனர்.

இன்று பிழைப்புக்காகவோ விசுவாசத்துக்காகவோ கடல் கடக்கவிருக்கும் நம் இளைஞர்களே, விசாவுக்கு அலையும் நாள்களில் ஒரு நாளை ஒதுக்குங்கள். ஊரில் உள்ள கடனைத் தீர்த்து, பொதுச் சொத்தின் பத்திரத்தை உரியவர் கையில் ஒப்படையுங்கள். பாட்டியின் பாடல்களை அவர் பாடும்போதே எழுதிக்கொள்ளுங்கள். கொச்சிப் பெண்கள் தங்கள் மலையாளப் பாட்டு நோட்டுப் புத்தகங்களைப் பேணி வைத்தனர். அப்பாடல்கள் 'கார்குழலி' என்னும் தொகுப்பாக எபிரேய மொழிபெயர்ப்புடன் 2005இல் எருசலேமில் அச்சேறின.