கம்பி வழியே வந்த கடிதம்

1995ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் தேதி, விதேஷ் சஞ்சார் நிகாம் என்னும் அரசாங்க ஸ்தாபனம் நம் தேசத்துப் பொதுஜனங்களுக்கு இணையத்தின் வாயிலைத் திறந்துவிட்டபோது, எங்கள் சென்னையும் முதலில் தொடர்பு பெற்ற நகரங்களுள் ஒன்றாக இருந்தது. அதற்குப் பல வருஷங்களுக்கு முன்னரே சென்னை ஐ.ஐ.டி. போன்ற கல்வி நிலையங்கள் எர்நெட் என்னும் கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பின் வழியாக இந்தப் பாக்கியத்தை அடைந்திருந்தன என்றாலும், சாமானிய வீட்டின் கூடத்துக்கு அது வந்து சேர்ந்த கதை இங்கிருந்துதான் ஆரம்பமாகிறது.

எங்கள் வீட்டுக்கு அது வந்தது 1997இல். படமோ வர்ணமோ இல்லாமல், கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து மட்டுமே ஊர்ந்து செல்லும் 'ஷெல்' கணக்கு அது. மோடம் எண்களைச் சுழற்றி, கீச்சென்று ஒரு முறை கூவி, பிறகு காய்ந்த எண்ணெயில் அப்பளம் பொரிவதுபோல இரைந்து அடங்கும் வரையில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அந்தச் சமயத்தில் கூடத்திலிருந்த மற்றொரு தொலைபேசியை யாரேனும் எடுத்துவிட்டால் அத்தனை பிரயாசையும் வீணாகி, மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

சிங்கப்பூரில் உத்தியோகம் பார்த்த என் தம்பி, தமிழை ஆங்கில எழுத்துகளில் எழுதி அனுப்புவான். அம்மாவுக்கு ஆங்கில எழுத்துத் தெரியாதாகையால் நான்தான் வாசித்துக் காட்டுவேன். பெற்ற பிள்ளையின் கடிதத்தை இன்னொருவர் வாய் வழியாகக் கேட்பதில் அவளுக்கு இருந்த குறையை நான் அறிவேன்.

அக்குறையைத் தீர்த்தவர்கள், பெரும்பாலும் தாய்நாட்டுக்கு வெளியே வாழ்ந்து, தாய்மொழிக்காக ஏங்கிய தனி மனிதர்களே என்பதை நாம் நன்றியுடன் நினைக்க வேண்டும். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 1995 அக்டோபரிலேயே தமிழ்க் கவிதைகளை இணையத்தில் ஏற்றினார். மலேசியாவில் முத்து நெடுமாறன் 'முரசு அஞ்சல்' என்னும் தமிழ் மென்பொருளைச் செய்தார். சுவிட்சர்லாந்தில் வசித்த விஞ்ஞானி கு. கல்யாணசுந்தரம் 'மயிலை' எழுத்துருவை அளித்ததோடு, 1998 பொங்கலன்று தொடங்கிய, தமிழ் இலக்கியங்களை இணையத்தில் ஏற்றும் மதுரைத் திட்டத்துக்கும் முன்னின்றார். ஆயினும் ஒருவர் எழுத்துரு மற்றொருவரிடம் இல்லையென்றால், திரையில் தெரிவது தமிழன்று, கொம்பும் புள்ளியும் முளைத்த அந்நிய எழுத்துகளின் குவியலே. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ் இணைய மாநாடு எழுத்துக் குறியீட்டையும் விசைப்பலகையையும் ஒழுங்கு செய்ய முற்பட்டதற்கு இந்தச் சங்கடமே முக்கியக் காரணம்.

தம்பியின் முதல் தமிழ்க் கடிதமும் அப்படித்தான் அலங்கோலமாக வந்தது. சிநேகிதர் ஒருவர் பிளாப்பியில் கொண்டுவந்து கொடுத்த எழுத்துருவை ஏற்றி, கடிதத்தை மீண்டும் திறந்தபோது, 'அன்புள்ள அம்மாவுக்கு' என்ற வரி திரையில் நின்றது. அம்மா நாற்காலியை முன்னே இழுத்துப்போட்டுக்கொண்டு, என்னைப் பேசவிடாமல், முழுவதையும் தானே வாசித்தாள், வாசித்து முடித்து, "இதுக்கு நானே பதில் எழுதலாமாடா?" என்று கேட்டாள்.