மைசூர்ப் பட்டும் இறக்குமதி விதிகளும்: ஒரு வரலாற்றுப் பார்வை

மைசூர் சமஸ்தானத்துக்குத் துறைமுகம் கிடையாது. வெளிநாட்டுப் பட்டு பிரிட்டிஷ் இந்தியத் துறைமுகங்களில் இறங்கியது. அதற்குச் சுங்கவரி விதிக்கும் அதிகாரமும் தில்லியிடமே இருந்தது. திப்பு சுல்தான் ஊன்றிய தொழிலை நால்வடி கிருஷ்ணராஜ உடையாரின் அரசு வளர்த்தது. 1912இல் மைசூரில் அரசு பட்டு நெசவாலையும் தொடங்கியது. ஆனால் கூடு விளைவித்த குடியானவரின் வருமானத்தைத் தீர்மானிக்கும் வரி சமஸ்தானத்தின் கைக்கு எட்டாததாகவே இருந்தது.

இதன் விளைவு 1930களில் வெளிப்பட்டது. உலக மந்தத்தில் விலை சரிந்துகொண்டிருந்தபோது, 1931 டிசம்பரில் ஜப்பான் தங்க நியமத்தைக் கைவிட்டது. யென் மதிப்பு வீழ, ஜப்பானியப் பட்டு மேலும் மலிந்தது. மைசூருடன், அப்போது சென்னை மாகாணத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்த கொள்ளேகாலும் அடிபட்டது. சுங்கவரிக் குழு விசாரித்தது; 1934இல் கச்சா பட்டுக்கு மதிப்பில் 25 சதவீதமும் ராத்தலுக்கு 14 அணாவும் பாதுகாப்பு வரியாயின. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஜப்பானிய வரத்து நின்று, பாராசூட் துணிக்காகத் தேவை பெருகியபோதுதான் தொழில் மூச்சுவிட்டது.

விடுதலைக்குப் பின் இறக்குமதி உரிமங்கள் காவலாயின. 2001 ஏப்ரல் 1இல் இந்தியாவின் எஞ்சிய அளவுக் கட்டுப்பாடுகளில் பெரும்பகுதி நீங்கியதும், வரியே உள்நாட்டுப் பட்டைக் காக்கும் முதன்மைக் கருவியானது.

வரியின் பலனை அறிய, இங்கே பட்டு இழையைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். ‘தூய மைசூர்’ என்ற பட்டுப்புழு இனத்தின் கூட்டில் ஏறக்குறைய 400 மீட்டர் இழை கிடைக்கும். வெண்பட்டு (பைவோல்டைன்) இனக் கூடு 1,000 மீட்டரையும் தொடும். நீண்ட இழை சீராக ஓடும், விசைத்தறிப் பாவில் அடிக்கடி அறாது. நெசவாளர் இறக்குமதியான சீனப் பட்டைத் தேடியதற்கு மலிவு மட்டும் காரணமன்று. இந்தத் தரமும் காரணம். வரி விவாதங்களில் இது போதிய கவனம் பெறவில்லை என்பது என் கருத்து.

சுங்க அட்டவணையோ முறுக்கையும் நெசவையும் வைத்துக் கோடு கிழிக்கிறது: முறுக்கேற்றாத கச்சா பட்டு 5002, பட்டு நூல் 5004, நெய்த துணி 5007. ஒரு நிலைக்கு மட்டும் வேலி போட்டால் சரக்கு அடுத்த நிலையில் வந்துவிடும். சீனக் கச்சா பட்டுக்குப் பொருள்குவிப்புத் தடுப்பு வரி வந்த சில ஆண்டுகளிலேயே, மீட்டருக்கு 20 முதல் 100 கிராம் எடையுள்ள சீனப் பட்டுத் துணிக்கும் அதே வகை வரி தேவைப்பட்டது இதைக் காட்டுகிறது.

பின்னர் விதி நிலையின்றி ஆடியது. 2011 நிதிநிலை அறிக்கை கச்சா பட்டின் வரியை 30 சதவீதத்திலிருந்து 5 ஆக்கியது. கர்நாடகத்தின் ராமநகரம் சந்தையில் பட்டுக்கூட்டின் விலை சரிந்து விவசாயிகள் தெருவுக்கு வந்தனர். 2013இல் அந்த வரி 15 சதவீதமானது. இடையில் மீண்டும் 10ஆகக் குறைந்து, 2021இல் கச்சா பட்டு, பட்டு நூல் இரண்டுக்கும் 10இலிருந்து 15 சதவீதமாக உயர்ந்தது.

மல்பெரி நட்ட நிலத்தை ஓர் அறிவிப்புக்காக ஒரே பருவத்தில் மாற்ற முடியாது. கர்நாடகப் பட்டை நம்பியிருக்கும் காஞ்சிபுரம் நெசவாளருக்கும் திடீர் விலையேற்றம் தாங்காது. கூடு விளைப்பவரையும் நெய்பவரையும் ஒருசேரக் கேட்டு, பல ஆண்டுகளுக்கு மாறாத வரியை அரசு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும்.