ராக் இசைக்குழுக்களின் தொலைந்த தொலைக்காட்சிப் பதிவுகள்

ஒளிபரப்பான பின் அழிக்கப்பட்ட ராக் இசை நிகழ்ச்சிகளை ரசிகர்களும் சேகரிப்பாளர்களும் தேடி மீட்டதன் வரலாறு இது. பெரும்பாலான மீட்புகள் பிரிட்டனில் நிகழ்ந்தன. பீட்டில்ஸ், பிங்க் ஃபிளாய்ட், டேவிட் போவி ஆகியோரின் பதிவுகள் இவ்வாறு திரும்பக் கிடைத்தவற்றுள் முக்கியமானவை. நிகழ்ச்சியைத் தயாரித்த நிறுவனத்திடம் இல்லாத பிரதிகள், அதைப் பார்த்தவர்களின் வீடுகளிலிருந்தும் அதில் பணியாற்றியவர்களிடமிருந்தும் கிடைத்தன என்பது இவ்வரலாற்றின் மையச் செய்தி.

பின்னணி

தொலைக்காட்சியின் தொடக்க ஆண்டுகளில் நிகழ்ச்சிகள் பெரும்பாலும் நேரலையாகவே ஒளிபரப்பாயின. 1956-ல் அமெரிக்காவின் ஆம்பெக்ஸ் நிறுவனம் இரண்டு அங்குல அகலமுள்ள வீடியோ நாடாவில் பதிவு செய்யும் கருவியை அறிமுகம் செய்தது. நாடாவின் விலை அதிகம். ஆனால் அதை அழித்துவிட்டு மீண்டும் பயன்படுத்தலாம். எனவே நிறுவனங்கள் ஒளிபரப்பு முடிந்த நாடாவில் அடுத்த நிகழ்ச்சியைப் பதிவு செய்தன.

இதற்கு வேறு காரணங்களும் இருந்தன. கலைஞர்களுடனான ஒப்பந்தங்கள் மறுஒளிபரப்பைக் கட்டுப்படுத்தின. வண்ண ஒளிபரப்பு வந்தபின் கறுப்பு வெள்ளை நிகழ்ச்சிகளுக்கு மதிப்பில்லை எனக் கருதப்பட்டது. வீட்டில் நிகழ்ச்சியை வாங்கி வைத்துப் பார்க்கும் காலம் வரும் என எவரும் திட்டமிடவில்லை.

பிபிசியின் 'டாப் ஆஃப் த பாப்ஸ்' 1964 ஜனவரி 1 அன்று மான்செஸ்டரில் தொடங்கியது. அந்தந்த வாரத்தில் அதிகம் விற்ற பாடல்களை வழங்கும் நிகழ்ச்சி அது. அடுத்த வாரமே பழையதாகிவிடும் என்பதால் அதன் நாடாக்கள் எளிதில் அழிக்கப்பட்டன. 1960களில் ஒளிபரப்பானவற்றில் மிகச் சிலவே முழுமையாக எஞ்சியுள்ளன. 1978-ல் பிபிசி தன் திரைப்பட, வீடியோ நாடா நூலகத்தை முறையாக அமைத்த பிறகே இந்த வழக்கம் கட்டுக்குள் வந்தது.

தேடும் முறைகள்

தேடல் பெரும்பாலும் காகிதத்திலிருந்து தொடங்குகிறது. ஒளிபரப்பு நாட்குறிப்புகள், நிகழ்ச்சி இதழ்கள், ஒப்பந்தக் கடிதங்கள் ஆகியவற்றைக் கொண்டு எந்தக் குழு எந்த நாளில் எந்தப் பாடலுடன் தோன்றியது என்ற பட்டியல் உருவாக்கப்படுகிறது. இன்ன நிகழ்ச்சி நடந்தது என உறுதியானால்தான் அது தொலைந்துவிட்டது என்பதே தெரியவரும்.

அதன் பின் பிரதி இருக்கக்கூடிய இடங்கள் ஆராயப்படுகின்றன. அவை நான்கு வகைப்படும்.

முதலாவது, வெளிநாட்டு நிலையங்கள். நிகழ்ச்சிகள் 16 மில்லிமீட்டர் படச்சுருளில் நகலெடுக்கப்பட்டுப் பிற நாடுகளுக்கு விற்கப்பட்டன. பிபிசியின் 'டாக்டர் ஹூ' தொடரின் ஒன்பது பகுதிகள் நைஜீரியாவின் ஜோஸ் நகரில் கண்டெடுக்கப்பட்டதாக 2013-ல் அறிவிக்கப்பட்டது. அவை அவ்வாறு அனுப்பப்பட்ட சுருள்கள்.

இரண்டாவது, நிகழ்ச்சியில் பணியாற்றியவர்களின் சொந்தப் பிரதிகள். மூன்றாவது, பழைய படச்சுருள் சேகரிப்பாளர்களின் தொகுப்புகள். நான்காவது, பார்வையாளர்கள் வீட்டிலேயே செய்த பதிவுகள். தொலைக்காட்சிக்கு எதிரே ஒலிப்பதிவுக் கருவியை வைத்தவர்கள் உண்டு. திரையையே 8 மில்லிமீட்டர் கேமராவால் படம் பிடித்தவர்களும் உண்டு. 'டாக்டர் ஹூ' தொடரில் காட்சி அழிந்துபோன எல்லாப் பகுதிகளுக்கும் இன்று ஒலி இருப்பதற்கு இத்தகைய ரசிகர்களே காரணம்.

மீட்கப்பட்ட பதிவுகள்

பீட்டில்ஸ்: இக்குழு 1962 அக்டோபர் 17 அன்று கிரானடா தொலைக்காட்சியில் முதன்முறையாகத் தோன்றியது. அந்த நேரலையின் பதிவு இல்லை. ஆனால் அதே நிறுவனம் அவ்வாண்டு ஆகஸ்ட் 22 அன்று லிவர்பூலின் கேவர்ன் அரங்கில் எடுத்த படச்சுருள் எஞ்சியுள்ளது. 1966 ஜூன் 16 அன்று இக்குழு 'டாப் ஆஃப் த பாப்ஸ்' அரங்கில் நேரில் தோன்றி இரண்டு பாடல்களை வழங்கியது. அந்நிகழ்ச்சியின் அரங்கில் அவர்கள் நேரில் தோன்றியது அந்த ஒருமுறைதான். நாடா அழிக்கப்பட்டது. 2019-ல், வீட்டுத் திரையிலிருந்து 8 மில்லிமீட்டர் கேமராவில் எடுக்கப்பட்ட 11 விநாடிக் காட்சி வெளிவந்தது. அதில் ஒலி இல்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த மாலையைக் காண இருந்த வழி, ஒரு வீட்டில் ஒருவர் கேமராவை எடுத்து இயக்கியதுதான்.

பிங்க் ஃபிளாய்ட்: குழுவின் முதல் பாடலாசிரியரும் கிதார் கலைஞருமான சிட் பாரெட் 1968-ல் விலகினார். எனவே அவர் இடம்பெறும் தொலைக்காட்சிக் காட்சிகள் மிகக் குறைவு. 1967 ஜூலையில் 'டாப் ஆஃப் த பாப்ஸ்' நிகழ்ச்சியில் குழு தோன்றிய பதிவு சேதமடைந்த நாடாவாகக் கிடைத்தது. 2010 ஜனவரியில் பிரிட்டிஷ் திரைப்படக் கழகம் அதைத் திரையிட்டது. 2016-ல் குழு வெளியிட்ட தொடக்க கால இசைத் தொகுப்பில் அது சேர்க்கப்பட்டது.

டேவிட் போவி: 1973 ஜனவரி 3 அன்று பதிவாகி மறுநாள் ஒளிபரப்பான 'த ஜீன் ஜீனி' பாடல் நிகழ்ச்சி அழிந்ததாகக் கருதப்பட்டது. அன்று பணியாற்றிய ஒளிப்பதிவாளர் ஜான் ஹென்ஷால் தன்னுடைய மீன்விழி வில்லையைப் பயன்படுத்திப் படம் பிடித்திருந்தார். தன் வேலையின் மாதிரியாக ஒரு நகலை வைத்துக்கொண்டார். அதைத் தவிர வேறு பிரதி இல்லை என்பது அவருக்குப் பல ஆண்டுகள் தெரியாது. 2011 டிசம்பரில் அப்பதிவு மீண்டும் திரையிடப்பட்டது.

சேகரிப்பாளர்களும் சட்டமும்

ஒளிபரப்பைப் பதிவு செய்வதும் படச்சுருளைச் சொந்தமாக வைத்திருப்பதும் நெடுங்காலம் பதிப்புரிமைச் சிக்கலுக்கு உட்பட்டவையாக இருந்தன. நகைச்சுவைக் கலைஞர் பாப் மாங்க்ஹவுஸ் தன் படச்சுருள் சேகரிப்பு தொடர்பாக 1979-ல் லண்டனில் வழக்கை எதிர்கொண்டு விடுவிக்கப்பட்டார். 2003-ல் அவர் மறைந்த பின் ஆராயப்பட்ட தொகுப்பில், அழிந்ததாகக் கருதப்பட்ட பல நிகழ்ச்சிகள் இருந்தன. இத்தகைய வழக்குகளால் பிற சேகரிப்பாளர்களும் தம்மிடம் இருப்பதை வெளியே சொல்லத் தயங்கினர்.

1993-ல் பிரிட்டிஷ் திரைப்படக் கழகம் தொலைந்த நிகழ்ச்சிகளைத் தேடித் திரையிடும் முயற்சியைத் தொடங்கியது. 2001-ல் பிபிசியும் பொதுமக்களிடம் பிரதிகளைக் கேட்டது. வைத்திருந்தவரைக் குற்றவாளியாகக் காணாமல் காப்பாளராகக் கண்ட பிறகே பல பதிவுகள் வெளிவந்தன.

இந்தியாவும் தமிழ்நாடும்

இந்தியாவில் தொலைக்காட்சி 1959 செப்டம்பர் 15 அன்று டெல்லியில் தொடங்கியது. சென்னை நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கப்பட்டது. இந்திய ராக் குழுக்கள் பங்கேற்ற 'சிம்லா பீட்' போட்டிகளின் இசைத்தட்டுகள் 1970, 1971 ஆண்டுகளில் வெளிவந்தன. அப்போது சென்னையில் தொலைக்காட்சியே இல்லை. எனவே அக்கால மதராஸ் மேடைகளைப் பொறுத்தவரை சென்னை நிலையத்தில் தேடுவதற்கு ஒன்றுமில்லை.

1982 ஆசிய விளையாட்டுப் போட்டிகளை ஒட்டி வண்ண ஒளிபரப்பு வந்தது. வீடியோ கருவிகள் அதன் பின்னரே வீடுகளில் பரவின. இங்கு வீட்டுப் பதிவுகளைத் தேடுவோர் அந்தக் காலத்திலிருந்தே தொடங்க வேண்டும். 'ஒளியும் ஒலியும்' நிகழ்ச்சியில் வந்த பாடல் காட்சிகள் திரைப்படங்களில் இருக்கின்றன. ஆனால் நிலைய அரங்கில் நிகழ்ந்த மெல்லிசை, நேர்காணல், கல்லூரி இசைக்குழுக்களின் நிகழ்ச்சி போன்றவற்றுக்கு நாடாவைத் தவிர வேறு மூலம் இல்லை.

பழனி மலைப்பகுதி

கொடைக்கானலில் உள்ள தூர்தர்ஷன் அஞ்சல் நிலையம் சென்னை, டெல்லி நிகழ்ச்சிகளைத் தென்மாவட்டங்களுக்குக் கொண்டுசென்றது. அஞ்சல் நிலையத்தின் பணி வாங்கி அனுப்புவது, சேமிப்பது அன்று. ஆகவே கொடைக்கானல் வட்டத்து வடகவுஞ்சி போன்ற ஊரில் ஒரு நிகழ்ச்சி எஞ்ச வேண்டுமென்றால், அதைப் பார்த்த வீட்டில் ஒரு கேசட் இருந்திருக்க வேண்டும்.

மலைப்பகுதியின் ஈரம் அந்தக் கேசட்டுக்கு முதல் எதிரி. ஈரக்காற்றில் நாடாவின் மேல் பூஞ்சை படியும். பூஞ்சை படிந்த நாடாவை அப்படியே கருவியில் ஓட்டினால் நாடா கிழியலாம். கருவியின் காந்தத் தலையில் ஒட்டும் பூஞ்சை அடுத்த நாடாவுக்கும் பரவும். அதைத் தேர்ந்தவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்த பிறகே எண்முறைக்கு மாற்ற வேண்டும். நல்ல நிலையில் உள்ளவற்றை உலர்ந்த இடத்தில், நிறுத்திய நிலையில் வைப்பது நலம்.

கேசட்டின் மேல் திருமண வீடியோ என்று எழுதியிருந்தாலும் அதன் கடைசிவரை பார்க்க வேண்டும். நாடாவில் மீதமிருந்த இடத்தில் அன்றைய தொலைக்காட்சியைப் பதிவு செய்தவர்கள் உண்டு. இடையில் வரும் அறிவிப்பாளர், விளம்பரம், செய்தி ஆகியவை பதிவின் நாளைக் கண்டறிய உதவும். அவற்றை வெட்டி நீக்கக் கூடாது.

முக்கியத்துவம்

மீட்கப்பட்டவை பெரும்பாலும் குறைபாடுள்ளவை. 11 விநாடி, ஒலியில்லாத காட்சி, கோடு விழுந்த நாடா என்ற அளவில்தான் அவை கிடைக்கின்றன. எனினும் ஒரு குழு புகழின் தொடக்கத்தில் எப்படி நின்றது, எப்படி வாசித்தது, பார்வையாளர் எப்படிப் பார்த்தனர் என்பதற்கு அவையே நேரடிச் சான்று. எதைக் காக்க வேண்டும் என்று நிறுவனங்கள் முடிவெடுத்த காலத்தில், தமக்குப் பிடித்ததைத் தமக்காகப் பதிவு செய்தவர்களால் இச்சான்றுகள் எஞ்சின.