மரக்கலத் தொழிலின் புதிய வாரிசுகள்



தந்தை செய்த தொழிலை மகன் செய்யாது விட்டால் அத்தொழில் என்னவாகும்? கடற்கரை ஊர்களில் வாழும் நமக்கு இக்கேள்வி புதியதன்று. மரக்காயர் என்னும் பெயரையே மரக்கலத்தோடு சேர்த்துப் பொருள் கூறும் வழக்கம் நம்மிடையே உண்டு. ஆயினும், கலத்தின் அடிமரமாகிய ஏரா எது, விலா எலும்பு போன்ற வங்கு எது, பலகை இணைப்புகளை அடைக்கும் கலப்பற்று வேலை எப்படிச் செய்யப்படுகிறது என்று இன்று கேட்டால், விடை சொல்லக்கூடிய இளைஞர் நம் இல்லங்களில் எத்தனை பேர் இருப்பர்?

இதே கேள்வியைச் சென்ற நூற்றாண்டில் அமெரிக்காவின் கிழக்குக் கரையும் இங்கிலாந்தின் துறைமுகங்களும் எதிர்கொண்டன. ஓடாவியின் மகன் வேறு வேலைக்குப் போய்விட்ட அவ்விடங்களில் ஆசிரியரும் போர்வீரரும் அலுவலகப் பணியாளரும் உளியைக் கையிலெடுத்தனர். அவ்வரலாற்றை அறிவது நமக்குப் பயன் தரும் என்று எண்ணி இங்கே தருகிறோம்.

எழுதப்படாத கல்வி

மரப்படகு கட்டும் தொழில் நெடுங்காலம் ஏட்டில் ஏறாத கல்வியாகவே இருந்து வந்தது. அமெரிக்காவின் மெய்ன், மாசசூசெட்ஸ் போன்ற கடலோர மாநிலங்களில் சென்ற நூற்றாண்டுக்கு முன்பு படகு கட்டியவர்களுள் பலர் வரைபடம் போட்டுக்கொண்டு வேலை தொடங்கியவர்கள் அல்லர். படகின் பாதி உருவத்தைச் சிறு மரத்துண்டில் செதுக்குவர். அதிலிருந்து அளவெடுத்துப் பெரிதாக்கிக் கலத்தைக் கட்டுவர். எந்த மரத்தை எந்த இடத்தில் வைப்பது, எவ்வளவு வளைத்தால் முறியாது என்பவையெல்லாம் கையும் கண்ணும் அறிந்த செய்திகளாக இருந்தன. பட்டறையில் கூட்டிப் பெருக்கத் தொடங்கும் சிறுவன், பல ஆண்டுகள் பெரியவர் அருகில் நின்று அவற்றைத் தன்வயமாக்கிக் கொள்வான்.

இம்முறைக்கு ஒரு சிறப்பும் ஒரு குறையும் உண்டு. கற்றது மறக்காது என்பது சிறப்பு. கற்க வருபவன் இல்லையேல் கற்பிப்பவரோடு எல்லாம் மண்ணுக்குள் போய்விடும் என்பது குறை. இந்த ஆபத்தை முன்கூட்டியே உணர்ந்தவர்களுள் ஹோவர்ட் சேப்பல் (1901 - 1975) குறிப்பிடத்தக்கவர். கரையோரங்களில் கைவிடப்பட்டுக் கிடந்த பழைய படகுகளைத் தேடிச் சென்று அளவெடுத்து அவர் வரைபடங்களாக்கினார். படகு கட்டும் முறை பற்றி 1941-லும், அமெரிக்காவின் சிறு பாய்மரப் படகுகள் பற்றி 1951-லும் அவர் வெளியிட்ட நூல்கள் பிற்காலத்து மாணவர்களுக்குப் பெருந்துணையாயின.

ஃபைபரின் வருகை

இரண்டாம் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் கண்ணாடி இழையையும் பிசினையும் கொண்டு படகு செய்யும் முறை தோன்றியது. நம் மீனவர்கள் 'ஃபைபர்' என்று அழைக்கும் அதே பொருள்தான் அது. 1959-ஆம் ஆண்டு நியூயார்க் படகுக் கண்காட்சியில் 'ட்ரைடன்' என்னும் 28 அடி நீளமுள்ள ஃபைபர் பாய்மரப் படகு காட்டப்பட்டது. அதன் பின் சந்தை விரைவாக மாறியது.

காரணத்தை விளங்கிக்கொள்வது எளிது. மரப்படகு ஒவ்வொன்றும் தனித்தனியே பிறக்க வேண்டும். ஒவ்வொரு பலகையும் அதன் இடத்துக்கென்றே அறுத்து இழைக்கப்பட வேண்டும். ஃபைபர் படகுக்கோ அச்சு ஒன்று போதும். ஒரே அச்சிலிருந்து எத்தனையோ படகுகளை எடுக்கலாம். நீண்ட காலப் பயிற்சி பெற்ற தச்சரும் தேவையில்லை. ஆண்டுதோறும் இணைப்புகளை அடைத்துச் சாயம் பூசும் வேலையும் பெருமளவு குறைந்தது. எனவே மரப்பட்டறைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. தச்சரின் மகன் வேறு வேலை தேடிச் சென்றான். அவனைக் குறை கூற நமக்கு நாவெழவில்லை. குடும்பம் பிழைக்க வேண்டுமே!

ஆசிரியராக இருந்த தச்சர்

இச்சூழலில் வரலாற்றில் இடம் பெறும் ஒருவர் ஜான் கார்ட்னர். 1905-இல் மெய்ன் மாநிலத்தில் பிறந்தவர். உயர்கல்வி பெற்றுப் பள்ளி ஆசிரியராகவும் தொழிற்சங்கப் பணியாளராகவும் இருந்தவர். பின்னர் மாசசூசெட்ஸ் மாநிலத்துப் படகுப் பட்டறைகளில் கூலி வேலைக்குச் சேர்ந்து தச்சரானார். ஆசிரியருக்கு உரிய குணம் அவரை விட்டுப் போகவில்லை. பட்டறையில் முதியவர்களிடம் கற்றவற்றை மீனவர்களுக்கான இதழில் ஆண்டுக்கணக்கில் எழுதி வந்தார். பொதுவாகத் தொழில் இரகசியம் என்று மூடி வைக்கப்படும் செய்திகளை அவர் அனைவர்க்கும் திறந்து வைத்தார்.

1969-இல் கனெக்டிகட் மாநிலத்தின் மிஸ்டிக் துறைமுக அருங்காட்சியகத்தில் பொறுப்பேற்ற அவர், அங்குப் படகு கட்டும் வகுப்புகளையும் தொடங்கினார். பழைய படகைக் கண்ணாடிக்குப் பின் வைத்துக் காப்பதோடு நின்றுவிடாமல், அதேபோன்ற இன்னொரு படகைக் கட்டத் தெரிந்த மனிதரை உருவாக்க அவர் உழைத்தார். 1995-இல் அவர் மறைந்தபோது அவருடைய எழுத்தைப் படித்துப் படகு கட்டியவர்கள் பல நாடுகளிலும் இருந்தனர்.

பள்ளிகளின் தோற்றம்

கார்ட்னர் காலத்திலேயே வேறு சிலரும் அதே வழியில் நடந்தனர். 1972-இல் லான்ஸ் லீ என்பவர் மெய்ன் மாநிலத்தின் பாத் நகரில் தொழில் பழகும் பட்டறை ஒன்றை நிறுவினார். 1974-இல் ஜான் வில்சன் என்னும் படகுத் தச்சர், அதே மாநிலத்தில் மின்சாரம் இல்லாத சிறு குடிலிலிருந்து மரப்படகுகளுக்கென்றே ஓர் இதழைத் தொடங்கினார். அவ்விதழின் சார்பில் 1981 முதல் கோடைக்காலப் பள்ளியும் நடைபெறலாயிற்று. இங்கிலாந்தின் லோஸ்டாஃப்ட் நகரில் 1975-இல் படகு கட்டும் பயிற்சிக் கல்லூரி உருவாயிற்று. அமெரிக்காவின் மேற்குக் கரையில் முதுபெரும் கப்பல் தச்சரான பாப் புரோதரோ 1981-இல் ஒரு பள்ளியைத் தொடங்கினார். தொழிலிலேயே வாழ்ந்து முதிர்ந்தவர் தம் கையறிவைத் தம் குடும்பத்தைச் சேராதவர்களுக்கு வழங்க முன்வந்தார் என்பது கருதத்தக்கது.

1997-இல் இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள லைம் ரீஜிஸ் என்னும் சிற்றூரில் படகு கட்டும் பள்ளி ஒன்று அமைந்தது. அதனை நடத்தியவர்களுள் ஒருவரான டிம் கெஜ், 1982-ஆம் ஆண்டு ஃபாக்லாந்துப் போரில் பிரிட்டிஷ் கடற்படையின் போர் விமானப் பிரிவு ஒன்றுக்குத் தலைமை ஏற்றவர். அப்பள்ளிக்கு வந்த மாணவர்களும் அவ்வாறே பல துறையினர். பள்ளிப் படிப்பை முடித்த இளைஞரும், பணி ஓய்வு பெற்ற பெரியவரும், நடுவயதில் அலுவலக நாற்காலியை விட்டு எழுந்து வந்தவரும் ஒரே பலகையின் இரு முனைகளைப் பிடித்து நின்றனர்.

மாணவர் கற்றவை

ஏறத்தாழ நாற்பது வாரங்கள் நீளும் அப்பயிற்சியில் மாணவர் கற்பவை யாவை? முதலில் கருவிகளைத் தீட்டக் கற்கின்றனர். மழுங்கிய உளியோடு எந்தப் பாடமும் நடவாது. அடுத்துப் படகின் வடிவத்தை முழு அளவில் தரையில் வரையக் கற்கின்றனர். தாளில் விரற்கடை அளவாகத் தெரிந்த பிழை தரையில் முழம் அளவாக வெளிப்படும், அங்கேயே திருத்திக்கொள்ளலாம்.

பின்னர் மரத்தைப் படிக்கும் பாடம். வெள்ளை ஓக், சிவப்பு ஓக் என இரண்டும் பார்வைக்கு உறவுக்காரர்களே. எனினும் சிவப்பு ஓக்கின் நுண்துளைகள் திறந்திருப்பதால் நீர் எளிதில் ஊடுருவும். வெள்ளை ஓக்கில் அவை அடைபட்டிருப்பதால் படகுக்கு அதுவே ஏற்றது. வங்குகளை வளைக்க மரத்தை நீராவிப் பெட்டியில் வைப்பர். ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மணி நேரம் என்பது தச்சர் கணக்கு. வெளியே எடுத்த சில நொடிகளுக்குள் அதனை இடத்தில் பொருத்தி இறுக்கிவிட வேண்டும். தாமதித்தால் மரம் விறைத்து முறியும். அந்த நொடிகளில் நாலைந்து பேர் ஒரே மனத்தோடு இயங்க வேண்டியிருக்கும். தனி அறையில் ஆணையிட்டுப் பழகியவரும் அங்கே பக்கத்தில் நிற்பவரின் சொல்லைக் கேட்டே ஆக வேண்டும்.

பலகைகளை ஒன்றன்மேல் ஒன்று விளிம்பு ஏறும்படி அடுக்கிச் செம்பு ஆணிகளால் தைப்பது ஒரு முறை. விளிம்போடு விளிம்பு பொருத்தி, இடைவெளியில் பஞ்சுத் திரியைச் செலுத்தி அடைப்பது மற்றொரு முறை. இரண்டாவது முறையில் திரியை அளவுக்கு மீறி அடித்தால் பலகை விலகும். குறைவாக அடித்தால் நீர் புகும். எவ்வளவு அடிப்பது என்பதைச் சுத்தியலின் ஓசையே சொல்லித் தரும். இதனை நூலில் படிக்கலாம். ஆனால் பழகியவர் அருகில் நின்று கேட்டாலன்றி விளங்காது.

பயிற்சியின் முடிவில், தாங்கள் கட்டிய படகுகளை மாணவர்கள் லைம் ரீஜிஸ் துறைமுகத்தில் நீரில் இறக்குவர். ஊரே திரண்டு வந்து பார்க்கும். ஒழுகுமா, நிமிர்ந்து நிற்குமா என்பதைச் சான்றிதழ் சொல்வதில்லை, கடல் சொல்கிறது.

இப்பாதை எளிதென்று நாம் கூற மாட்டோம். நிலையான ஊதியத்தை விட்டு வருதல், சேமிப்பைச் செலவிடுதல், இளையவர் முன்னிலையில் நாற்பது வயதில் தொடக்க மாணவராக அமர்தல் ஆகிய அனைத்தும் கடினமானவையே. நாற்பது வாரத்தில் எவரும் முழுத் தச்சராகிவிடுவதுமில்லை. அதன்பின் பட்டறையில் பல ஆண்டுகள் பழக வேண்டும். கற்றவர் எல்லாரும் அதையே தொழிலாகக் கொண்டாரும் அல்லர். எனினும் அறுந்துபோக இருந்த ஒரு சங்கிலிக்குப் புதிய வளையங்கள் கிடைத்தன.

நமக்கு அருகில் ஒரு சான்று

இவ்வரலாறு மேலை நாடுகளோடு முடிந்துவிடவில்லை. நம் அண்டைக் கடலிலும் ஒரு சான்று உண்டு. 1980-ஆம் ஆண்டு டிம் செவரின் என்னும் ஆய்வுப் பயணி, பழங்கால அரபுக் கப்பலைப் போன்ற ஒன்றை ஆணியில்லாமல் கயிற்றால் தைத்துக் கட்டிச் சீனம் வரை செல்ல விழைந்தார். ஓமன் மன்னர் சுல்தான் காபூஸ் ஆதரவளித்தார். கப்பல் கட்டப்பட்ட இடம் புகழ்பெற்ற சூர் துறைமுகம். ஆனால் பெரிய கப்பலைக் கயிற்றால் தைக்கும் பழக்கம் அங்கே மறைந்துவிட்டிருந்தது. அக்கலை எஞ்சியிருந்த இடங்களுள் ஒன்று இலட்சத்தீவு. மலபார்க் கரையிலிருந்து அயனி மரமும், தீவுகளிலிருந்து தென்னை நார்க் கயிறும் தையல் வல்லவர்களும் ஓமனுக்குச் சென்றனர்.

அப்பணியில் முக்கியப் பங்காற்றியவர் மினிக்காய் தீவைச் சேர்ந்த அலி மாணிக்ஃபான். அவர் பிறவித் தச்சர் அல்லர். பள்ளி ஆசிரியராகவும் அலுவலக எழுத்தராகவும் இருந்து, 1960 முதல் நம் இராமநாதபுரம் மாவட்டத்து மண்டபத்தில் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தில் பணிபுரிந்தவர். அவர் கண்டெடுத்த மீன் வகை ஒன்று அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. அத்தகையவர் தம் ஆய்வுப் பணிக்குப் பின் கப்பல் கட்டும் பணியில் ஈடுபட்டார். சுமார் 400 மைல் நீளக் கயிறு கொண்டு தைக்கப்பட்ட 'சோஹார்' என்னும் அக்கப்பல், 1980 நவம்பரில் ஓமனிலிருந்து புறப்பட்டு, 1981 ஜூலையில் சீனத்தின் கான்டன் துறைமுகத்தை அடைந்தது. மாணிக்ஃபான் அவர்களுக்கு 2021-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

அதே 2021-இல், டென்மார்க், பின்லாந்து, ஐஸ்லாந்து, நார்வே, சுவீடன் ஆகிய ஐந்து நாடுகளின் மரப்படகு மரபை மனிதகுலத்தின் பண்பாட்டுச் செல்வமாக யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தது.

நாம் கொள்ள வேண்டியது

இவற்றிலிருந்து நாம் அறிவது ஒன்று. ஒரு தொழில் அழிவதற்கு மகன் வராதது மட்டும் காரணமன்று; மகன் வராதபோது வேறு எவர்க்கும் கதவு திறக்கப்படாததும் காரணமாகும். கார்ட்னர் திறந்தார்; புரோதரோ திறந்தார்; தீவுகளின் தையற்காரர்கள் கடல் கடந்து சென்று செய்து காட்டினார்கள். கதவு திறந்ததும் ஆசிரியரும் எழுத்தரும் விமானியும் உள்ளே வந்தனர்.

நம் ஊர்களிலும் தோணித்துறையில் வாழ்நாளைக் கழித்த ஓடாவிகளும் கலப்பற்று வேலைக்காரர்களும் கடலோடிகளும் முதுமையில் இருக்கிறார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் வெளிநாட்டில் நல்ல நிலையில் இருப்பது நமக்கு மகிழ்ச்சியே. ஆயினும் அம்முதியவர் அறிந்ததைக் கேட்டு எழுதி வைக்க அவர் பேரனாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. அஸர் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்திருக்கும் அவர் அருகில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, ஏரா முதல் பாய்மரம் வரை ஒவ்வோர் உறுப்பின் பெயரையும் கேட்டுக் குறித்துக்கொள்ள எவராலும் இயலும். இயன்றவர் அவர் கையசைவையும் படம் பிடித்து வைக்கலாம். ஜமாஅத்தின் இளைஞர்கள் இப்பணியை இவ்வாண்டே தொடங்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். முதியவர்களுக்கு அல்லாஹ் நீண்ட ஆயுளை வழங்குவானாக; ஆயினும் நாம் நாளைக்கு என்று ஒத்தி வைக்கும் வேலை இதுவன்று.