தலை வெட்டின கூம்பும் நாற்பது பிராக்கெட்டும்

ஸ்ரீபெரும்புதூர்னு சொன்னதும் சிலருக்கு ராமானுஜர் ஞாபகம் வருவார். சிலருக்கு 1991 மே மாதம். எனக்கு மட்டும் தலை வெட்டின ஒரு கூம்பும் பக்கத்துல ரெண்டு வட்டமும் ஞாபகம் வரும். சிரிக்காதீங்க, காரணம் இருக்கு.

இப்போ நான் கோட் எழுதிச் சம்பளம் வாங்குற ஆள்தான். ஆனா படிச்சது மெக்கானிக்கல். 2019-ல முதல் வேலை ஒரகடத்துல, கார் கம்பெனிகளுக்கு ஃபிக்சர் செஞ்சு தர்ற ஒரு சின்ன யூனிட்ல. புதுசா வந்த பையன்னு எனக்குக் கொடுத்த வேலை, ஆபீஸ்ல இருக்கிற டைட்டில் பிளாக்கை ஒழுங்கு பண்றது. அதாங்க, டிராயிங் ஷீட்டோட வலது கீழ் மூலையில இருக்குமே ஒரு கட்டம். கம்பெனி பேரு, டிராயிங் நம்பர், தேதி, வரைஞ்சவர், அப்ரூவ் பண்ணவர் எல்லாம் அதுக்குள்ள இருக்கும். ஒரு தடவை வரைஞ்சு 'பிளாக்'கா சேமிச்சுட்டா அப்புறம் எந்த ஷீட்லயும் சொருகிக்கலாம்.

கையால வரைஞ்ச காலத்துல பெரிய ஆபீஸ்கள்ல பார்டரும் டைட்டில் பிளாக்கும் அச்சடிச்ச டிரேசிங் ஷீட்டையே கட்டுக்கட்டா வாங்கி வெச்சிருப்பாங்க. அச்சடிச்சது அச்சடிச்சதுதான். கட்டத்துல ஏதாவது மாத்தணும்னா பழைய கட்டு தீரணும்.

இந்தத் தலைவலிக்கு ஒரு வழி 1963-லயே வந்துடுச்சு. எம்.ஐ.டி.யில இவான் சதர்லாண்ட் தன்னோட பி.எச்டி.க்காக 'ஸ்கெட்ச்பேட்'னு ஒரு புரோகிராம் எழுதினார். டி.எக்ஸ்-2ங்கிற ராட்சச கம்ப்யூட்டர், கையில ஒரு லைட் பென். அதுல ஒரு உருவத்தை 'மாஸ்டர்'னு வரைஞ்சு, அதோட நகல்களை எத்தனை வேணும்னாலும் வைக்கலாம். மாஸ்டர்ல ஒரு கோட்டை மாத்தினா எல்லா நகலும் தானா மாறும். அறுகோணங்களால ஆன ஒரு பரப்புல அறுகோணத்தை எடுத்துட்டு அரைவட்டத்தை வெச்சா, மொத்தமும் மீன் செதில் மாதிரி ஆயிடும். நம்ம ஆளுங்க 'கிளாஸ், ஆப்ஜெக்ட்'னு இன்டர்வியூல ஒப்பிக்கிறோமே, அதுக்கு அண்ணன் முறை.

19 வருஷம் கழிச்சு 1982 டிசம்பர்ல ஆட்டோகேட் வந்துச்சு. மெமரியை கிலோபைட்ல எண்ணின காலம். அங்க பிளாக்ங்கிறது அழகுக்கு இல்ல, பிழைப்புக்கு. ஒரு போல்ட்டை நூறு இடத்துல வெச்சாலும் அதோட கோடுகள் ஃபைல்ல ஒரே தடவைதான் இருக்கும். மத்த இடத்துல எல்லாம் 'இங்க வை, இவ்வளவு பெருசா வை, இவ்வளவு திருப்பு'ங்கிற குறிப்பு மட்டும்தான்.

ஆனா ஷீட் விஷயத்துல ரொம்ப நாளைக்கு ஒரு கூத்து இருந்துச்சு. மாடலை நிஜ அளவுல வரையணும். 1:50-ல பிரிண்ட் எடுக்கணும்னா, 841க்கு 594 மில்லிமீட்டர் இருக்கிற ஏ1 ஷீட்டோட பார்டரை 50 மடங்கு ஊதி, 42,050க்கு 29,700ன்னு ஒரு பூதமா மாடலைச் சுத்தி வைக்கணும். ஸ்கேல் மாறினா திரும்பவும் ஊதணும். 1990-ல ரிலீஸ் 11 வந்து 'பேப்பர் ஸ்பேஸ்' கொடுத்த பிறகுதான் பார்டர் அதோட சொந்த அளவுக்கே திரும்பிச்சு. காகிதத்துல ஒரு ஜன்னல், அந்த ஜன்னல் வழியா 1:50-ல மாடல். அவ்வளவுதான்.

இனி நம்ம ஊர் கதை. 1998-ல இருங்காட்டுக்கோட்டையில இருந்து சான்ட்ரோ வெளிய வந்துச்சு. 2010-ல ஒரகடத்துல ரெனோ-நிசான், 2012-ல டைம்லர். இவங்களைச் சுத்தி நூத்துக்கணக்கான சின்ன யூனிட்டுகள். நம்ம பாலிடெக்னிக்லயும் இன்ஜினியரிங் காலேஜ்லயும் சொல்லித் தர்றது, இந்தியத் தர நிறுவனத்தோட 1988 கையேடு எஸ்.பி. 46 சொல்ற முதல் கோண முறை. ஐரோப்பாவுலயும் பெரும்பாலும் அதுதான். ஆனா கொரியா, ஜப்பான், அமெரிக்கா மூணுலயும் மூன்றாம் கோணம். ஒரே ரோட்டுல ரெண்டு விதமான படமும் லாரி ஏறிப் போகும். வலது பக்கம் இருக்கிற படம், மூன்றாம் கோணத்துல பொருளை வலப்பக்கத்துல இருந்து பார்த்தது. முதல் கோணத்துல இடப்பக்கத்துல இருந்து பார்த்தது. எது எதுன்னு சொல்றதுதான் அந்தக் கூம்போட வேலை. கூம்பு இடது, வட்டம் வலதுன்னா முதல் கோணம். மாறி இருந்தா மூன்றாம் கோணம்.

நான் அழகா ஒரு பிளாக் செஞ்சேன். பேரு, தேதி எல்லாம் அட்ரிபியூட். கூம்பையும் அதுக்குள்ளயே வரைஞ்சுட்டேன், காலேஜ் பழக்கத்துல முதல் கோணக் கூம்பு. கஸ்டமர்கிட்ட இருந்து வந்த ஒரு மூன்றாம் கோணப் படம் என்னோட ஷீட்ல ஏறி ஷாப் ஃப்ளோருக்குப் போச்சு. அங்க இருந்த அண்ணன் அனுபவசாலி, சின்னத்தைப் பார்க்காம வேலை செய்ய மாட்டார். சின்னம் சொன்னபடியே நாற்பது பிராக்கெட் செஞ்சார். நாற்பதும் கண்ணாடியில பார்த்த மாதிரி, துளை எதிர்ப்பக்கம்.

திட்டு விழுந்தது அவருக்கு. ரெண்டு நாள் நான் வாயைத் திறக்கலை. மூணாவது நாள் காலையில மானேஜர்கிட்ட போய்ச் சொன்னேன்.

அப்புறம் நடந்ததுதான் எனக்குப் பெரிய பாடம். 'ஒரு இடத்துல மாத்தினா எல்லாம் மாறிடும் சார்'னு வீரமா சொல்லிட்டு பிளாக்கைத் திருத்தினேன். திறந்து வெச்சிருந்த ஃபைல்ல மாறிச்சு. மத்த ஃபைல்ல ஒண்ணும் நடக்கலை. ஏன்னா பிளாக்கைச் சொருகும்போது அதோட வரையறையும் அந்த ஃபைலுக்குள்ள நகலாயிடும். சதர்லாண்டோட வாக்குறுதி ஒரு ஃபைலோட எல்லைக்குள்ளதான் செல்லும். நம்ம பாஷையில சொன்னா, டைனமிக் லிங்க்னு நினைச்சேன், அது ஸ்டாடிக் லிங்க். வெளி ஃபைலைக் காட்டி மட்டும் நிறுத்துற 'எக்ஸ்ரெஃப்' அதே ரிலீஸ் 11-லயே வந்திருந்தது, எங்க ஆபீஸ்ல யாரும் தொடலை.

அதனால ஒவ்வொரு ஃபைலா திறந்து, இன்சர்ட் கட்டளையில பிளாக் பேருக்குப் பின்னாடி ஒரு சமக்குறி போட்டு ('வெளிய இருக்கிறதைத் திரும்ப எடுத்துக்கோ'ன்னு அர்த்தம்) நாலு நாள் உட்கார்ந்தேன். அதுலயும் யாரோ அவசரத்துக்கு 'எக்ஸ்ப்ளோட்' பண்ணி வெச்ச ஷீட்டுகள் மாறவே இல்ல. அங்க பிளாக்கே கிடையாது, அனாதையா வெறும் கோடுகள். அதையெல்லாம் அந்த அண்ணன்தான் பிரிண்ட் எடுத்து வெச்சு, சிவப்புப் பேனாவால சுழிச்சுக் கொடுத்தார்.

ஒரு விஷயம் பின்னாடிதான் படிச்சேன். டைட்டில் பிளாக்குக்கான ஐ.எஸ்.ஓ. 7200, 1984-ல அகலம் அதிகபட்சம் 170 மில்லிமீட்டர்னு சொல்லிச்சு. 2004 திருத்தத்துல அது 180 ஆச்சு. ஏ4 அகலம் 210-ல இடது மார்ஜின் 20, வலது 10 போனா மிச்சம் அதுதான். அதே திருத்தத்துல ஸ்கேல், கோணச் சின்னம் ரெண்டையும் கட்டத்துக்கு வெளியதான் வைக்கணும்னு ஆக்கிட்டாங்க. நான் கூம்பை உள்ளே வரையறதுக்கு 15 வருஷம் முன்னாடி!

போன மாசம் வல்லக்கோட்டை முருகன் கோவிலுக்குப் போயிட்டு அப்படியே அந்த யூனிட்டுக்கும் ஒரு எட்டு போனேன். அண்ணன் இன்னும் அங்கேதான் இருக்கார். அந்த நாற்பதுல ஒண்ணு ஸ்டோர் ரூம் கதவுக்கு முட்டுக்கொடுத்துக்கிட்டு இருக்கு. "வாங்க சார், உங்க பிராக்கெட் நல்லா இருக்கு"ன்னார் :-)