அருவியில் ஒரு தெர்மாமீட்டர்

குற்றாலம் பேரருவியில் குளித்திருப்பீர்கள். உடம்பு முழுக்க எண்ணெயோடு, போலீஸ்காரரின் விசிலுக்குப் பயந்து பயந்து ஐந்து நிமிடம் தலையைக் கொடுத்திருப்பீர்கள். அந்த நேரம் பார்த்து யாராவது, ‘மேலே இருக்கிற தண்ணி சூடா, கீழே விழுந்த தண்ணி சூடா?’ என்று கேட்டால்? பல் கிடுகிடுக்கும்போது கேட்கிற கேள்வியா இது என்று அடிக்கப் போவீர்கள்!

இதே கேள்வியோடு தேனிலவுக்கே போன ஒரு மனிதர் உண்டு. பெயர் ஜேம்ஸ் ஜூல். மான்செஸ்டரை ஒட்டிய சால்ஃபோர்டில் பீர் ஆலை வைத்திருந்தவரின் மகன். கல்லூரிப் பட்டம் கிடையாது. பேராசிரியர் வேலையும் கிடையாது. வீட்டிலேயே ஆராய்ச்சி. கயிற்றில் எடையைக் கட்டி இறக்குவார். அது இறங்க இறங்க, தண்ணீருக்குள் ஒரு துடுப்பு சுழலும். தண்ணீர் எவ்வளவு சூடாகிறது என்று தெர்மாமீட்டரை வைத்து அளப்பார். செலவான உழைப்பு எங்கேயும் காணாமல் போவதில்லை, வெப்பமாக மாறுகிறது என்பது அவர் கட்சி. யார் கேட்டார்கள்? 1844-ல் அவருடைய கட்டுரை ஒன்றை லண்டன் ராயல் சொசைட்டி நிராகரித்தது. மனிதர் சளைக்கவில்லை. ‘160 அடி விழுகிற நயாகராவின் தண்ணீர், அடிவாரத்தில் ஃபாரன்ஹீட் கணக்கில் ஐந்தில் ஒரு டிகிரி சூடேறியிருக்க வேண்டும்’ என்று 1845-ல் எழுதினார்.

1847 ஆகஸ்டில் கல்யாணம். சில நாள் கழித்து ஆல்ப்ஸ் மலைப் பாதையில் வில்லியம் தாம்சன் என்ற இளம் பேராசிரியர் (பிற்காலத்து லார்டு கெல்வின்) நடந்து வருகிறார். எதிரே ஜூல்! கையில் நீளமான தெர்மாமீட்டர். சற்றுத் தள்ளி வண்டியில் புதுப்பெண். தாம்சன் வயதான காலத்தில் சொன்ன கதை இது, கொஞ்சம் மசாலா சேர்ந்திருக்கலாம். இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு அருவியை அளக்கப் பார்த்தார்கள். தண்ணீர் பாதி வழியிலேயே திவலையாகச் சிதறியதால் அளக்க முடியவில்லை. வண்டியில் காத்திருந்த அந்தம்மா என்ன நினைத்தாரோ!

நம் பேரருவிக்கு வருவோம். உயரம் சுமார் 60 மீட்டர். ஜூல் கணக்குப்படி கீழே ஏழில் ஒரு டிகிரி செல்சியஸ்தான் கூடும். நடுவில் பொங்குமாங்கடல் வேகத்தை வாங்கிக்கொள்கிறது, சாரல் காற்று ஈரத்தை ஆவியாக்கிக் குளிரவைக்கிறது. உங்கள் தோலுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் விழுகிற நீரின் சக்தி சத்தமாகவும் சிதறலாகவும் கடைசியில் வெப்பமாகவும் வீணாகிறது என்று புரிந்துவிட்டால், அடுத்த யோசனை தானே வரும். சிதறவிடாமல் குழாயில் இறக்கி ஒரு சக்கரத்தைச் சுற்றவைத்தால் என்ன?

குற்றாலத்துக்குத் தெற்கே பாபநாசத்தில் அதைச் செய்தார்கள். 1885-ல் ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஹார்வி சகோதரர்கள், தாமிரபரணி இறங்குகிற வேகத்தைக் கொண்டே பஞ்சாலையை ஓட்டினார்கள். 1944-ல் அங்கே மின் நிலையமும் வந்தது. குற்றாலத்துக்கு ஏன் வரவில்லை? தாமிரபரணி வற்றாத நதி, சிற்றாறோ சீசன் ஆறு. கோடையில் பேரருவிப் பாறை காய்ந்து கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. குளிக்கிற நமக்கு லாபம்!

இதையெல்லாம் நான் சொன்னது தென்காசி டீக்கடை ஒன்றில், ஒரு அண்ணாச்சியிடம். பிளஸ் டூ முடித்த மகனோடு உட்கார்ந்திருந்தார். “மெக்கானிக்கல்தான் படிப்பேன்னு ஒத்தக் கால்ல நிக்கான் சார். எல்லாரும் கம்ப்யூட்டருக்குப் போறாவ. மெக்கானிக்கல்ல இனிமே கண்டுபிடிக்க என்னத்த இருக்கு?” என்றார்.

நியாயமான கவலை. இன்றைய கிண்டி பொறியியல் கல்லூரி சேப்பாக்கத்தில் இருந்த காலத்தில், 1894-லேயே மெக்கானிக்கல் படிப்பு தொடங்கிவிட்டார்கள். இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் கேள்வி பாக்கி இருக்குமா?

“அண்ணாச்சி, உங்களுக்குச் சாரல் கொண்டுவர்ற அதே காத்துதானே செங்கோட்டைக் கணவாய் வழியா வந்து சுரண்டை, ஆலங்குளம் பக்கம் காத்தாடியைச் சுத்துது?” என்றேன். பெரிய காற்றாலையில் இறக்கையின் நுனி மணிக்கு 250 கிலோமீட்டருக்கு மேல் பாயும். அந்த வேகத்தில் மோதினால், நம் தலையில் பூப்போல விழுகிற தூறல்துளி உளியாகிவிடுகிறது. இறக்கையின் விளிம்பு அரிக்கப்பட்டு மின்சாரம் குறைகிறது. எந்தப் பூச்சு தாங்கும், எத்தனை வருஷம் தாங்கும் என்று உலகம் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். கியர்பாக்ஸ் பேரிங் காலத்துக்கு முன்பே ஏன் விரிகிறது என்பதும் இன்னும் தீராத சண்டை. கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட அதே கயத்தாறில்தான் மத்திய அரசின் காற்றாலைச் சோதனை நிலையம் இருக்கிறது. ஆராய்ச்சிக்குத்தான் போக வேண்டும் என்றுகூட இல்லை. காற்றாலையைப் பராமரிக்கவே ஆள் வேண்டும், ஐ.டி.ஐ. படித்தவருக்கும் அங்கே இடம் உண்டு.

அண்ணாச்சி டீயை ஆற்றிக்கொண்டே, “சம்பளம்?” என்றார். முதல் நாளே கம்ப்யூட்டர்காரன் அளவுக்கு வராது என்று உண்மையைச் சொன்னேன். அவர் முகம் சுருங்கியது.

அதுவரை வாயே திறக்காத பையன் கேட்டான்: “அந்தக் காத்தாடி மேல ஏறிப் பாக்க விடுவாங்களா சார்?”